ஈரப் பிரம்புக் கதிரை

ஐந்தாம் வகுப்போடு நின்று, ஒருவர் தயவுமின்றி மூன்று கடைகளுக்கு முதலாளியானவன் நான். என்னை எவனும் அசைத்ததில்லை. இன்று மழையில் நனைந்து கடைக்கு வந்திறங்கிய புதுப் பிரம்புக் கதிரையின் வாசம் அசைத்து, நான் பிறந்த அனலைதீவுக் கரைக்கு இழுத்துப்போனது.

தீவின் ஆண்களெல்லாம் தெற்கே கடை வைத்திருந்த காலம். பிள்ளைப்பேற்று வலியெடுத்த அம்மாவை ஆஸ்பத்திரி வள்ளம்வரை தூக்க ஆளில்லாமல் பெண்கள் கைபிசைந்து நிற்க, அவர் வீட்டிலேயே போய்விட்டார்.

“ஆம்பிளையள் வரட்டும் எண்டு பாத்து ஒரு உயிரை விட்டது காணும். இனி நாங்கள் தூக்குவம்,” என்றார் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. மாதர் சங்கம் அப்படித்தான் பிறந்தது. அதன் முதல் சொத்து, தூக்கிச்செல்ல மூங்கில்கள் கட்டிய பிரம்புக் கதிரை.

வலியெடுத்த ஒவ்வொருத்தியையும் அதில் இருத்தி, இடுப்பளவு கடலுக்குள் வள்ளம்வரை சுமந்துபோவார்கள். “ஆட்டாதேங்கோடி, இஞ்சையே பெத்துப்போடுவன்!” என்று ஒருத்தி கத்த, தூக்கியவர்கள் சிரிக்க, கதிரை கிறீச்சிடும். போனவர்கள் குழந்தையோடு அதிலேயே திரும்புவார்கள். பிறகு சங்கக் கொட்டிலில் அது உப்புநீர் சொட்டச் சொட்டக் காயும். அடுத்தமுறை அம்மாவைக் கொண்டுவரும் என்று நான் எதிரே குந்தியிருப்பேன்.

இப்போது அந்தக் கொட்டிலும் இல்லை, அந்தச் சனமும் இல்லை. புதுக் கதிரையில் இன்னும் ஒருவரையும் நான் இருக்கவிடவில்லை.