ஆற்றுப்படித் தெரு

எங்காவது சாலைக்குத் தார் காய்ச்சினால் இன்றைக்கும் என் வாயில் இரத்தம் கரிக்கிறது. இப்போது பெரிய சாலைக்கு அடியில் கிடக்கும் எங்கள் கரமனை ஆற்றுப்படித் தெருவின் பெயர், அன்று முனைச் சுவரில் தமிழில் எழுதியிருந்தது. தமிழ், மலையாளம் என்று மாநிலம் பிரியப்போகிறது என ஊரே கொதித்துக்கொண்டிருந்த அந்த வருஷம், ஏதோ ஒரு பிரமுகரின் பெயரை வைப்பதற்காக அதை அழிக்க மேஸ்திரி ஒருவன் காய்ச்சிய தார் டின்னோடு வந்தான். அப்பாவின் தங்கை கமலம் அத்தை ஓடிப்போய் எழுத்தின்மேல் கையை விரித்து வைத்தாள்.

"கையை எடும்மா, ஆபீஸ் ஆர்டராக்கும்," என்றான் மேஸ்திரி.

"பேரோட என் கையையும் அழிச்சுட்டுப் போடா!"

அழித்தான். தோல் பொரிந்த ஓசையும், அத்தையின் அலறலும், பெண்கள் எறிந்த கற்களும், நான் பாய்ந்து கடித்த அவன் மணிக்கட்டின் உப்பும் ஒன்றாகவே நினைவிருக்கின்றன. கையைப் பிய்த்து எடுத்தபோது, தாருக்கு நடுவே விரல் விரித்த வெள்ளையில் இரண்டு எழுத்து மிஞ்சியிருந்தது.

மறுநாள் விடியலில், கட்டுப்போட்ட கையோடு அத்தை எங்கள் வாசலில் கோலம் போடவில்லை. இடது கையால், கோலமாவில், தெருவின் பெயரைக் கோணல்மாணலாக எழுதினாள். அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு, தெரு அடைக்க, அதே பெயரை எழுதினார்கள்.

மிச்சத்தை அழிக்க வந்த மேஸ்திரி, மணிக்கட்டில் என் பல் தடத்தோடு, எங்கே காலை வைப்பதென்று தெரியாமல் தெருமுனையிலேயே நின்றான்.