கொதிநீர்க் கிருமிக்குப் பெயர் வைத்த சந்திரவல்லி

காசிமாயன் மகள் சந்திரவல்லி மதுரையில் நுண்ணுயிரியல் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது, போடிநாயக்கனூர் அதைப் பெருந்தன்மையோடு நர்சு படிப்பாக எடுத்துக்கொண்டது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த காசிமாயனும் யாரையும் திருத்தவில்லை. அவருக்கே அது சரியாக விளங்கியிருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், பசிபிக் கடலின் அடியில் கொதிநீர் பீறிடும் துவாரங்களை நீர்மூழ்கியில் போனவர்கள் கண்டார்கள். வெயிலே எட்டாத அந்த இருட்டில் உயிர்கள் சௌகரியமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சில வருடங்கள் கழித்து ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போன சந்திரவல்லியிடம், அத்தகைய துவாரத்தில் உடைத்தெடுத்த பாறைத்துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மூத்தவர்கள் முயன்று கைவிட்ட துண்டு அது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த மாதிரி கௌரவங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

அதிலிருந்த கிருமி காற்று பட்டால் செத்துப்போகும். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இருப்பதைவிட அதிகச் சூடு வேண்டும். அந்தச் சூட்டிலோ, வழக்கமாகக் கிருமி வளர்க்கும் அகர் கூழ் இளகி ஓடிவிடும். கூழே வேண்டாமென்று, காற்றுப் புகாத குப்பிகளில் திரவத்தைத் திரும்பத் திரும்ப நீர்க்கவைத்து, ஒற்றைக் கிருமியின் வாரிசுகள் மட்டும் மிஞ்சும்வரை போராடினாள். பலமுறை எல்லாம் செத்தன. ஒருநாள் ஒரு குப்பி மட்டும் கலங்கியது; உள்ளே கிருமி பெருகியிருந்தது. அன்று ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்கு விடுமுறையில் வந்தாள். அவள் பெயர் வைக்கப்போகும் புதுக் கிருமிக்குத் தன் அப்பா பெயரை வைக்கச் சொன்னார் தாய்மாமன் ஜக்கையன். அவரும் சூடு தாங்கின மனுசர் என்பது அவர் கட்சி. பெயர் லத்தீனில் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதும், லத்தீன்காரர்களுக்கு ஊரில் என்ன வேலை என்று கோபித்துக்கொண்டு, சம்பந்தம் பேச ஆள் அழைத்து வந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் ராமுத்தாய்க்கு ஒரே கவலை. கிருமியோடு சோலி பார்க்கிற பெண்ணோடு அதுவும் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

சந்திரவல்லி பொறுமையாகச் சொன்னாள். "அது நம்ம ஒடம்புல வளராது அத்தே. நம்ம ஒடம்புச் சூடு அதுக்குப் பனி மாதிரி. கொதிக்கப்போற தண்ணியிலதான் பெருகும்."

ராமுத்தாய் அவள் கொடுத்த காப்பி டம்ளரைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நீ காப்பிய நல்லா சூடாத்தானத்தா போட்ட?"

சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ஜக்கையன் மட்டும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

அவள் ஜெர்மனிக்குத் திரும்பி, கிருமியின் உருவம், தீனி, அது தாங்கும் சூடு, தெரிந்த எந்த இனத்திலும் சேராத காரணம் எல்லாவற்றையும் எழுதிப் புது இனமாக அறிவித்தாள். கிருமியின் லத்தீன் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவளாக அவள் பெயரும் அச்சானது. எண்பதுகள் முடிவதற்குள் வேறு நாட்டுப் பெரிய மனிதர் ஒருவர் அதை இன்னொரு பேரினத்துக்கு மாற்றினார். விதிப்படி, மாற்றியவர் பெயர் வெளியே நின்றது. அவள் பெயர் அடைப்புக்குறிக்குள் போனது.

அவள் இதைப் போனில் சொன்னதும் காசிமாயன் கேட்டார்.

"பிராக்கெட்டுக்குள்ள போட்டா மரியாதையா ஆத்தா, கொறச்சலா?"

"மரியாதைதான் அப்பு. இனி யாரு எங்க மாத்துனாலும் அதை எடுக்க முடியாது."

"அப்பச் சரி," என்றார். மறுநாள் ஏலக்காய் ஏலத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், தன் மகளை வெளிநாட்டில் பிராக்கெட்டுக்குள் போட்டிருப்பதாகச் சொன்னார். நர்சுகளுக்குக் கொடுக்கிற பதவி உயர்வு போலிருக்கிறது என்று எல்லோரும் வாழ்த்தினார்கள்.