மகளின் வீடியோவில் நான் நடந்து போன புல்வெளி

தன் முதுகு எப்படி இருக்கும் என்று எவனுக்கும் தெரியாது. எனக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் தெரிய வந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், த பேசின் என்ற மலையடிவார ஊர்ப் பக்கத்துப் புல்வெளி ஒன்றில், காலை மூடுபனிக்குள் அது போய்க்கொண்டிருந்தது. தலையில் அகன்ற தொப்பி, உடம்பில் கட்டம் போட்ட சட்டை, தோளில் எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு கிட்டார். போகப் போகச் சிறிதாகி, கடைசியில் தொப்பி மட்டும் பனியில் மிதந்து, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

"முதுகு வடிவா நடிச்சிருக்கு. முகம்தான் சரிவரேல்லை" என்றாள் மனைவி.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஊடகப் பாடத்துக்கு ஒரு பாட்டு வீடியோ எடுக்கவேண்டும், அதற்கு சீடி அட்டையும் போஸ்டரும் செய்யவேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஆட்களிடம் காட்டி, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று தானே மதிப்பிடவேண்டும். எந்த வகைப் பாட்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்களாம். இவளுக்கு விழுந்தது கன்ட்ரி மியூசிக். வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் வானொலியின் ஆங்கில அலைவரிசையில் ஞாயிறு தோறும் அந்தப் பாட்டுகள்தான். மூன்று சொல்லுக்கு ஒரு சொல் விளங்கும். மிச்சத்துக்குக் குதிரையையும் புழுதியையும் நாங்களே போட்டுக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக் கௌபோய் மாதிரி நடப்போம்.

பாட்டை அவளோடு படிக்கிற பெடியன் ஒருவன் எழுதிப் பாடியிருந்தான். வயதான கமக்காரன் ஒருவன் விடியற்காலையில் தன் பண்ணைக் காணியின் கேற்றைத் திறந்துகொண்டு எங்கோ போகிறான், அவ்வளவுதான் கதை. அதற்கு ஒரு முகம் வேண்டும். அவளுடைய சிநேகிதிகளின் வெள்ளைக்காரத் தாத்தாமார் எத்தனையோ பேர் இருக்க, என்னிடம் வந்தாள்.

"டாட், யூ ஹாவ் தி ஃபேஸ்."

"என்ன முகம்?"

"டயர்ட்."

மண்வெட்டி பிடித்தறியாதவன் நான். லிஃப்ட் திருத்துகிற வேலை. அந்த நாள்களில் அதுவும் இல்லை. நெஞ்சைத் திறந்து இரத்தக்குழாய் மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் என்னை யாரும் ஒரு வாளி தூக்க விடமாட்டார்கள். எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வரும், வந்த வேகத்திலேயே அதுவும் அடங்கிவிடும். எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. குசினியில் மனைவி கதைப்பது பக்கத்து வீட்டு வானொலி மாதிரிக் கேட்கும். தேத்தண்ணியின் சூடு நாக்கில் தெரியும், ருசி வேறு யாருக்கோ போய்விடும். "நான் கதைக்கிறது கேக்குதோ, இல்லையோ?" என்று அவள் நாள் முழுக்கக் கேட்டாள். கேட்டது. பதில் சொல்லத்தான் நெடுநேரம் பிடித்தது. அந்த நிலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பயமும் இல்லை, கவலையும் இல்லை. ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

படம் பிடித்த அன்று விடியப்புறம் நல்ல பனி. மலையடிவாரத்தில் ஒருவர் தன் காணிக்குள் எங்களை விட்டிருந்தார். புல் முழங்கால்வரை ஈரம். மக்பை குருவிகள் வேலியில் இருந்து, தண்ணீர்க் குழாய் பாடுவதுபோலப் பாடிக்கொண்டிருந்தன. முதலில் என் வாயசைப்பை எடுத்தாள். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு ஏற்ப வாயைத் திறந்து மூடவேண்டும். காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்த மனைவி கண்ணாடியை இறக்கி, "செத்தவன் கையில வெத்திலை பாக்குக் குடுத்த மாதிரி நிக்கிறியள். கொஞ்சம் உசிரோட பாடுங்கோப்பா" என்றாள்.

கடைசியாக, கேற்றைத் திறந்துகொண்டு நான் நடந்து போகிற காட்சி. "நான் கட் சொல்லுமட்டும் நடவுங்கோ, டாட். டோன்ட் லுக் பாக்" என்றாள். நடந்தேன். புல் காலுக்கு விலகிக் கொடுத்தது. பத்தடி போனதும் கேற் பனியில் மறைந்திருக்கவேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு நெஞ்சில் எப்போதும் இருக்கிற இறுக்கம் அவிழ்ந்துவிட்டது. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, நான் யாருக்கும் பதில் வைத்திருக்கவும் இல்லை. வெள்ளை வெளேர் என்ற ஒரு இடத்துக்குள் கால் தானாகவே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு சுகமாக நான் வாழ்நாளில் நடந்ததில்லை.

யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். மகள். சப்பாத்தெல்லாம் சேறு, மூச்சு இரைத்தது.

"ஐ சேட் கட்" என்றாள்.

"கேக்கேல்லை பிள்ளை."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இட்ஸ் ஓகே. குட் டேக்" என்று சொல்லி, சட்டைக் கையை விடாமலே கார்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

அடுத்தது போஸ்டர். அங்கேதான் வந்தது வினை. கறுப்பு வெள்ளையில் என் முகம், முட்டை வடிவச் சட்டத்துக்குள். சுற்றிவரக் காய்ந்த காட்டுப் பூக்கள். மேலே பாட்டின் பெயர், 'தி லாஸ்ட் கேட்' என்று சாய்ந்த எழுத்தில். கீழே பாடகரின் இசைப்பயணம் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும், நடுவில் ஒரு சின்னக் கோடு. வெள்ளைக்காரக் கண்ணுக்கு அது அருமையான வேலை; ரீச்சர் புகழ்ந்தாராம். போஸ்டரைப் பொது இடத்தில் ஒட்டி, பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறியவேண்டும் என்பதும் மதிப்பீட்டில் ஒரு பகுதி. இவள் போய் டண்டினோங்கில் நாங்கள் சாமான் வாங்குகிற தமிழ்க் கடையின் பலகையில் ஒட்டிவிட்டு வந்தாள்.

அந்தப் பலகையில் வாடகைக்கு அறை, பரத நாட்டிய வகுப்பு, அவற்றுக்கு மேலே மரண அறிவித்தல்கள். சட்டத்துக்குள் முகம், பூ, இரண்டு திகதி, நடுவில் கோடு. இதைப் பார்த்தால் எங்கள் சனம் வேறென்ன நினைக்கும்? ஆண்டைப் பார்க்க யாருக்குப் பொறுமை? எனக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தது கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். கடைக்காரர் மதுரைப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். "சார் ரொம்ப நல்ல மனுசன்" என்று சொல்லி, போஸ்டரைக் கழற்றிப் பலகையின் உச்சியில் குத்தினாராம். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள்.

அன்று சனிக்கிழமை, மத்தியானம் ஆகவில்லை. மனைவியின் தொலைபேசி அடித்தது. அவள் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபடியால் நான் எடுத்தேன். கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர். எனக்கு மூத்தவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். அன்று குரல் தழுதழுத்தது.

"தம்பி, ஆர் கதைக்கிறது? சகோதரமோ? எப்ப நடந்தது?"

"எது அக்கா?"

"அவர்... அவர் போயிட்டார் எண்டு..."

"ஆர்?"

அவர் என் பெயரைச் சொன்னார்.

"அது நான்தானே அக்கா" என்றேன்.

மறுபக்கத்தில் சட்டி மூடி ஒன்று விழுந்து உருண்டது. பிறகு, "அப்ப நான் அவிச்ச இடியப்பத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று, சனம் சாப்பாடு சமைத்துக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். மறுத்துச் சொல்லச் சொல்ல, அக்காவும் நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுகிற அவருடைய கணவரும் இடியப்பத்தோடும் சொதியோடும் வந்துவிட்டார்கள். அங்கிள் வெள்ளை வேட்டியைக்கூட மாற்றவில்லை. என்னைக் கண்டதும் அக்கா தோளில் ஒரு அடி வைத்தார், அதன் பிறகுதான் அழுதார். என் செத்தவீட்டுச் சாப்பாட்டை நானே கதிரையில் இருந்து, இரண்டாம் முறையும் சொதி விட்டுச் சாப்பிட்டேன். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. போஸ்டரை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சிரத்தையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"எல்லாரும் இருக்கிறியள். வீடியோவையும் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

பார்த்தார்கள். முடிந்ததும் அங்கிள், "நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். எங்கள் ஆட்கள் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள். அக்கா மட்டும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிறகு?" என்றார்.

"தட்ஸ் தி எண்ட், அன்ரி."

"அவர் திரும்பி வரமாட்டாரோ?"

"நோ. ஹீ லீவ்ஸ். கன்ட்ரி பாட்டில அப்பிடித்தான் முடியும்."

"என்ன பாட்டோ எனக்குத் தெரியாது. வீட்டை விட்டு வெளிக்கிடேக்க 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லாமல் ஆரும் போவினமோ? நீயெண்டாலும் கூப்பிட்டிருக்கலாமே."

"நான் கூப்பிட்டனான்" என்றாள் மகள்.

அதைத் தமிழில் சொன்னாள். பிறகு மடிக்கணினியில் எதையோ தேடித் திரையில் போட்டாள். அதே காட்சி, அதே முதுகு. ஆனால் இதில் பாட்டு இல்லை. கமரா அப்போது பதிந்த சத்தம் அப்படியே இருந்தது. மக்பை குருவிகள், புல் சரசரப்பு. பிறகு அவள் குரல், சாதாரணமாக, "கட்." முதுகு போகிறது. "கட், டாட்." போகிறது. "டாட், கட். இட்ஸ் டன்." தொப்பி மட்டும் மிதக்கிறது. "டாட். டாட்." தொப்பியும் மறைகிறது. வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு சின்னப் பிள்ளை கத்துவதுபோல, "அப்பா... அப்பா..." பிறகு அவள் கமராவைத் தாண்டி ஓடுகிற சத்தம்.

அவள் அப்படிக் கத்தியதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மனைவி தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுவிட்டாள். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தபடியால் அவளுக்கும் கேட்டிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரியால வந்ததில இருந்து அப்பிடித்தான் போறார்" என்றாள் மகள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எவ்ரி டே. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. ஆட்களுக்கு முன்னால் என்ன கதை இது என்று ஏசத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. அந்தச் சுகமான நடை நினைவுக்கு வந்தது, என் பின்னால் பிள்ளை கத்திக்கொண்டிருந்ததும் அதனோடு சேர்ந்து வந்தது. வெட்கமாக இருந்தது. பயம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, முழுப் பயமாக வந்து நெஞ்சில் இருந்தது.

அக்கா தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "திரும்பி வாறதையும் எடு பிள்ளை. அதுக்கென்ன, மனுசன் சும்மாதானே இருக்கிறார்" என்றார்.

அடுத்த கிழமையே போனோம். அன்று மூடுபனி இல்லை, காலை வெயில், புல்லில் மட்டும் ஈரம். போகும்போது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது: கேற்றிலிருந்து அந்தப் புல்வெளி பள்ளமாக இறங்குகிறது. போவது இறக்கம், வருவது ஏற்றம். முதல் நாள் என்னை நடத்தியது என் கால் இல்லை, அந்தச் சரிவுதான்.

கீழே வேலியடியில் போய் நின்று, அவள் கை அசைத்ததும் ஏறத் தொடங்கினேன். வெயில் கண்ணுக்கு நேரே. கிட்டார் முதுகில் இடித்தது. பாதியில் மூச்சு முட்டியது. நிற்கலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். புல் காலைப் பிடித்தது, நெஞ்சுத் தையல் இழுத்தது, சப்பாத்துக்குள் தண்ணீர் போய்க் குளிர்ந்தது. ஒவ்வொன்றும் எனக்குத்தான் நடந்தது, வேறு யாருக்கும் நடக்கவில்லை. மேலே கேற்றடியில் கமராவும் அதற்குப் பின்னால் அவளும் கறுப்பாகத் தெரிந்தார்கள். கேற்றைக் கடந்தேன். அவள் கட் சொல்லவில்லை. இன்னும் நாலு அடி. சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. போய்ப் போய் என் நெஞ்சு கமராவில் முட்டியது.

"ஏன் நிக்கேல்லை?" என்றாள்.

"நீ கட் சொல்லேல்லையே."

அவள் கமராவை விட்டுவிட்டு வந்து, அன்று பிடித்த அதே சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து மற்றக் கையை முழங்காலில் ஊன்றினேன். கதைக்க மூச்சு இருக்கவில்லை.

இப்போது வீடியோ அப்படித்தான் முடிகிறது. தூரத்தில் ஒரு தொப்பி தெரிந்து, ஆளாகி, வர வரப் பெரிதாகி, சட்டைப் பொத்தான் திரையை நிறைத்து, இருட்டாகிவிடும். கன்ட்ரி பாட்டு இப்படி முடியாது, அந்த மூச்சுச் சத்தத்தையாவது வெட்டு என்று ரீச்சர் சொன்னாராம். தன் பார்வையாளர்கள் கேட்டது இதுதான் என்று மகள் மதிப்பீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதற்காகப் புள்ளி குறைந்தது. அவள் வெட்டவில்லை. பாட்டு முடிந்த பிறகும் அந்த இருட்டுக்குள் நான் மூச்சு வாங்குவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்.