ஏட்டம்மா வாங்கிய படப்புத்தகங்கள்

ஏட்டு சுருளியம்மாள் அறைந்தால் மூணு நாளைக்குக் காது இரையும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. பெண்டாட்டியை மிதித்துவிட்டு மகளிர் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்த எத்தனையோ ஆம்பளைகள் அந்த ஒற்றை அறையில் நாற்காலியோடு சரிந்திருக்கிறார்கள்.

அவள் ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்து மகள். பத்தொன்பது வயதில் கட்டிக் கொடுத்தார்கள். கட்டினவன் குடித்துவிட்டு அடிக்கிறவன் இல்லை, குடிக்காமலேயே அடிக்கிறவன். குழம்பில் உப்புக் கூடினால் ஒன்று, குறைந்தால் ரெண்டு. அவன் மிதித்து வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்துபோன வாரம், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கிற பித்தளைக் குழாயை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்குத் தித்திப்பாக இருந்தது. அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு நடந்தாள். கண்மாய்க்கரையில் ஓடிப் பழகி, பரீட்சை எழுதி, போலீஸில் சேர்ந்தாள். மறுகல்யாணம் இல்லை, பிள்ளையும் இல்லை. இப்போது வயது நாற்பத்தேழு.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் இன்ஸ்பெக்டரம்மா ஜெபமணி புத்தகம் வாங்குகிற வேலையைக் கொடுத்தார். அடிபட்டு வரும் தாய்மாரோடு குழந்தைகளும் வருகிறார்கள், அவர்களுக்கென்று ஸ்டேஷனில் ஒரு மூலை ஒதுக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. சுவரில் மயிலும் முயலும் வரைந்தாகிவிட்டது.

"தேனிக்குக் கோர்ட்டுக்குத்தான போறீக? வரும்போது பிள்ளைகளுக்குப் பத்துப் புஸ்தகம் வாங்கிட்டு வாங்க. கலர்ப்படம் இருக்கணும். கொஞ்சம் சிரிப்பா இருக்கட்டும்."

தேனி பஜாரில் பொன்னுராஜ் அண்ணாச்சியின் ஸ்டேஷனரிக் கடையில், அட்டை பளபளத்த பத்தை எடுத்துக் கட்டச் சொன்னாள். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அந்த வாரமே ஒருத்தி மண்டை பிளந்து வந்தாள். புருசன் கடப்பாரையால் போட்டிருந்தான். அவளோடு நாலு வயதுப் பையன். புத்தகத்தைக் கொடுத்ததும் சமர்த்தாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஒரு பக்கத்தில் ராஜா கை நீட்டி ஆணையிட, சேவகன் திருடனின் கையை வெட்ட வாளை ஓங்கி நின்றான். பையன் அழவில்லை. நின்றபடியே டவுசரை நனைத்தான். வாள் வைத்திருந்தவன் மேல் விரலை வைத்து, "அப்பா" என்றான்.

சுருளியம்மாள் அவனுக்குக் கால் கழுவிவிட்டு வந்து, பத்துப் புத்தகத்தையும் மேசையில் பரப்பி முதல் முறையாகப் படித்தாள். பால் குடித்த பூனைக்கு வாலில் சூடு. பொய் சொன்ன பையனின் காலை முதலை கவ்வுகிறது. சோம்பேறிக் கழுதைக்குச் சவுக்கடி. ஒவ்வொன்றின் அடியிலும் கட்டம் கட்டி 'நீதி' என்று போட்டிருந்தது.

"அடிக்கிறதுக்குப் பேரு நீதின்னு அச்சடிச்சிருக்கான் மேடம்" என்றாள் ஜெபமணியிடம்.

மறுவாரம் புத்தகங்களைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, வெட்டுக்குத்து இல்லாம, யாரும் யாரையும் அடிக்காம, கடைசியில தண்டனையும் இல்லாம புஸ்தகம் இருக்கா?"

"அப்புறம் கதையில என்னம்மா மிஞ்சும்?" என்றார் பொன்னுராஜ்.

"அதத்தான் நானும் பாக்கணும். ஒரு ஸ்டூலப் போடுங்க."

காக்கிச்சட்டையோடு ஒரு பொம்பளை கடைவாசலில் உட்கார்ந்து பூனைப்படம் பார்ப்பதைக் கண்டு, நோட்டு வாங்க வந்த சனம் ஒதுங்கிப் போனது. அவள் அசையவில்லை. மத்தியானம் வரைக்கும் படித்தாள். பாதிப் புத்தகங்கள் 'சிரிப்பு' என்று அட்டையில் எழுதிவிட்டு உள்ளே உபதேசம் செய்தன. சிலவற்றில் குண்டுப் பிள்ளையை எல்லாரும் கேலி செய்தார்கள், தூர வைத்தாள். கடைசியில் ஒன்றைத் திறந்தாள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் காணாமல் தேடுகிறார். கட்டிலுக்கு அடியில், குதிருக்குள், கிணற்றில். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆடு தொப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. எழுத்து என்று பார்த்தால் பக்கத்துக்கு ஒரு "மே" மட்டும்தான். கடைசிப் பக்கத்தில் ஆட்டின் வாயில் சிங்க முத்திரை மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, சுருளியம்மாள் கடை அதிரச் சிரித்தாள்.

"போலீஸக் கேலி பண்ற புஸ்தகம்மா அது" என்று பொன்னுராஜ் தயங்கினார்.

"பரவால்ல, கட்டுங்க. படம் பாக்குற பிள்ளைக்கு எல்லாம் தெரியுது, அந்த மடையனுக்குத்தான் தெரியல. அதான் சிரிப்பு வருது."

அன்றைக்கு ஐந்துதான் தேறியது.

ஜெயமங்கலத்திலிருந்து விஜி வந்தது அதற்கப்புறம். புருசன் சங்கிலி, வாழைத்தார் ஏற்றுகிறவன். ஹெல்மெட்டால் அடித்ததில் அவளுக்குத் தாடை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வாயைத் திறந்தால் ரத்தமும் எச்சிலும் வடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள் சிம்ரன். ஒரு வருசமாக வீட்டுக்கு வெளியே அவள் பேசுவதில்லை என்று விஜி சாடையில் சொன்னாள்.

சுருளியம்மாள் ஆட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "இங்கன பாரு! ஆடு! என்ன சொல்லுது?" பழக்கதோசம், கேட்டது விசாரணைக் குரலில். பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அதற்குள் சங்கிலியைக் கூட்டிவந்திருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"என் பொண்டாட்டி, நான் அடிப்பேன். ஒனக்கென்ன? நீயே புருசன் இல்லாதவதான?"

முதல் அறையில் அவன் உதடு கிழிந்தது. ரெண்டாவதில் இரும்பு பீரோவில் மோதி விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தவனின் முடியைப் பிடித்து மூணாவதையும் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பினாள் சுருளியம்மாள். சிம்ரன் மேசைக்கு அடியில் ஒடுங்கியிருந்தாள். தலைக்குமேல் ஆட்டுப் புத்தகத்தை விரித்துக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள், ஓடு விழும்போது மறைத்துக்கொள்வதுபோல. அந்தக் கண் அப்பனைப் பார்க்கவில்லை. ஏட்டம்மாவைத்தான் பார்த்தது.

எத்தனையோ பேர் அவளைப் பயந்து பார்த்திருக்கிறார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் இந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை. முன்னொரு காலத்தில் கட்டினவனை அவளும் அப்படித்தான் பார்த்திருந்தாள். மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

வழக்குப் பதிந்தார்கள். சங்கிலி உள்ளே போய், ஜாமீனில் வந்தான். விஜி அதே ஊரில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, மறு வாக்குமூலத்துக்கு ஒரு திங்கள்கிழமை காலையில் பிள்ளையோடு வந்தாள். சுருளியம்மாள் இந்தத் தடவை பிள்ளையைக் கூப்பிடவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆட்டுப் புத்தகத்தைத் தனக்குத்தானே படித்தாள்.

"ஏட்டையா கட்டிலுக்கடியில பாத்தாராம். ஆடு சொல்லுச்சாம், கொக்கரக்கோ."

சிம்ரன் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டையா கிணத்துக்குள்ள பாத்தாராம். ஆடு சொல்லுச்சாம், லொள் லொள்."

பிள்ளை நகர்ந்து கிட்டத்தில் வந்தது.

"குதிருக்குள்ள பாத்தாராம். ஆடு சொல்லுச்சாம், மியாவ்."

"மே!" என்று கத்தியது பிள்ளை. "மேன்னு சொல்லும்! ஒனக்கு ஒண்ணுமே தெரியல!"

உள்ளறையில் வாக்குமூலம் சொல்லிக்கொண்டிருந்த விஜி பாதியில் நிறுத்தினாள். மகள் குரலைக் கேட்டுக் கட்டுப்போட்ட தாடையோடு அழுதாள். சிம்ரன் அதைக் கவனிக்கவில்லை. தொப்பியின் முத்திரை ஆட்டின் பல்லில் நிற்பதைப் பார்த்து, தரையில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் வாசலில் அலறல் கேட்டது. சங்கிலி வாழைத்தார் வெட்டுகிற அருவாளோடு வந்திருந்தான். வாசலில் நின்ற காவலர் ஷீபா மறித்தபோது, தோளில் ஒரே வெட்டு. அவள் சுவரில் ரத்தத்தை இழுத்துக்கொண்டு சரிந்தாள். "எங்கடி அவ?" என்று கத்திக்கொண்டு கூடத்துக்குள் வந்தவன் கண்ணில் முதலில் பட்டது மகள்தான்.

எழுந்திருக்க நேரமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சுருளியம்மாள் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் தள்ளி, இறங்கி வந்த அருவாளை வெறுங்கையால் பிடித்தாள். வலது கை. அவன் உருவினான். ரெண்டு விரல் தரையில் விழுந்தது. மறுபடியும் ஓங்கினான், அது முன்கையில் எலும்புவரை இறங்கியது. மூணாவதுக்கு ஓங்குமுன் ஜெபமணி நாற்காலியைத் தூக்கி அவன் பிடரியில் போட்டார். அருவாள் தெறித்து ஓடியது. நாலு காவலர்கள் மேலே விழுந்தார்கள்.

விழுந்தவனை விடவில்லை. ஷீபாவின் ரத்தத்தைப் பார்த்த ஆத்திரம். லத்தி முதுகில் இறங்கியது, முழங்காலில் இறங்கியது. பூட்ஸ் காலால் முகத்தில் மிதித்தாள் ஒருத்தி. பல் உடைந்து சிதறியது. அவன் கத்துகிற நிலையைத் தாண்டி முனகிக்கொண்டிருந்தான்.

எலும்பில் அடி விழுகிற அந்தச் சத்தம் ஒரு காலத்தில் சுருளியம்மாளுக்குத் தித்தித்த சத்தம்தான். அவள் முந்தானை இல்லாத காக்கிச்சட்டையில் கையை அழுத்திக்கொண்டு, தவழ்ந்துபோய் நடுவில் விழுந்தாள்.

"போதும், அடிக்காதீக! பிள்ளை பாக்குது!"

ஒரு லத்தி அவள் தோளிலும் விழுந்தது. "ஏட்டம்மா, விலகுங்க! ஒங்க கையப் பாருங்க!"

"பிள்ளை பாக்குதுடி!"

அப்போதுதான் நின்றார்கள். சிம்ரன் சுவரோடு ஒட்டி நின்றாள். யாருடைய ரத்தமோ அவள் பாவாடையில்.

க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் சுருளியம்மாள் இருபத்தாறு நாள் கிடந்தாள். ஷீபா பிழைத்துக்கொண்டாள். சங்கிலி இன்னும் மதுரைச் சிறையில், வழக்கு நடக்கிறது. ரத்தத்தில் ஊறிய ஆட்டுப் புத்தகம் அருவாளோடு சேர்த்துச் சாட்சிப் பொருளாகக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. இன்னொன்று கேட்டபோது, இனி வராது என்று பொன்னுராஜ் சொல்லிவிட்டார். சுருளியம்மாளுக்கு எழுத்து வேலை போட்டார்கள், இடது கையால் எழுதப் பழகினாள். கூடவே வேறு ஸ்டேஷன்களுக்கும் புத்தகம் எடுத்துக்கொடுக்கிற வேலை வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் தனக்குச் சிரிப்பு வராத புத்தகத்தை அவள் வாங்குவதில்லை.

ஆனி மாசம் விஜி ஒரு நாள் வந்தாள். "பேசுறாக்கா, நல்லாப் பேசுறா. ஆனா பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பிள்ளைகள எல்லாம் அடிக்கிறா. கடிக்கிறா. நான் என்ன செய்ய?"

"எனக்கும் அதே கேடுதான் ஆத்தா" என்றாள் சுருளியம்மாள். அடுத்த ஓய்வுநாளில், புதிதாக வாங்கிய எருமைப் புத்தகத்தோடு ஜெயமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் இடம் கொடுத்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுரோட்டில் படுத்த எருமையைக் கிளப்ப டிரைவர் இறங்குகிறார், கண்டக்டர் இறங்குகிறார், பஸ்ஸே இறங்குகிறது. கடைசியில் எருமை எழுந்துபோய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. பாதிக் கதையில் சிம்ரன் பக்கத்திலிருந்த பிள்ளையின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஏய்!" என்றாள் சுருளியம்மாள். பழைய குரல். வகுப்பு உறைந்துபோனது. ஒரு சின்னது உதட்டைப் பிதுக்கியது.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. "எருமை கத்துச்சு" என்றாள், படத்தைக் காட்டி.

"எருமை கத்தல" என்றாள் சிம்ரன். "நீதான் கத்துன."

"ஆமா. நாந்தான் கத்துனேன். தப்புத்தான்."

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டன. பெரியவர்கள் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. சிம்ரன் எருமைப் படத்தில் விரலை வைத்து, "சரி, படி" என்றாள்.

அன்றைக்கு அந்தப் புத்தகத்தை நாலு தடவை படிக்க வேண்டியிருந்தது. மூணாவது தடவையில் சிம்ரன் இன்னொரு பிள்ளையையும் கிள்ளினாள். நாலாவது தடவையில் கிள்ளவில்லை.