பேரைச் சொல்லவில்லை, வழியைச் சொன்னேன்

பியூலா என்கிற பேரை நான் முதலில் கேட்டது போனில். பதினாறு வருஷம் இருக்கும். என் தங்கச்சி செலினா தன் மகன் ஞானராஜுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த கையோடு கூப்பிட்டாள். "பேரு பியூலாவாம்க்கா. நல்லாருக்குல்லா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. "யாரு வழி?" என்று கேட்டேன்.

எனக்கு அப்படி ஒரு பழக்கம். ஒரு ஆள் என்றால் அப்பன் யார், பாட்டன் யார், எந்த ஊரில் எடுத்து எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பதோடு சேர்த்துத்தான் மனசில் நிற்கும். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். வாய்ப்பாடு மறந்துபோயிற்று, வழி மறக்கவில்லை. செலினா சொன்னாள்: சோழபுரம் மொக்கைச்சாமி பேத்தியாம், தங்கப்பாண்டியன் மகளாம். அந்தத் தங்கப்பாண்டியனை எனக்குத் தெரியும். எங்கள் சபையில் பெண் எடுத்து ஞானஸ்நானம் வாங்கினவர். அவர் கூடப் பிறந்தவர்கள் இன்றைக்கும் திருநீறு பூசுகிறவர்கள்தான்.

"அப்பம் மகாராஜபுரத்துல வாக்கப்பட்ட மாரியாத்தாளுக்கு அண்ணன் மகள்னு சொல்லு" என்றேன்.

"உன்னைய விட்டா ஆதாம் வரைக்கும் போவ" என்று போனை வைத்துவிட்டாள்.

பியூலா வந்தாள். ஒல்லி. சத்தமில்லாத பெண். ராஜபாளையத்தில் செலினா வீடு இரண்டே அறை. ஒன்றில் மில்லில் ஷிப்ட் முடித்து வந்த ஞானராஜ் பகலெல்லாம் தூங்குவான். இன்னொன்றில் செலினாவும் டிவியும். பிறகு ஜூடி பிறந்தாள், அவளும் அந்த அறைக்குத்தான். பியூலாவுக்கென்று இருந்தது அடுப்படி. அதிலும் பாதியைக் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. ஜூடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் பேண்டேஜ் துணி கம்பெனியில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். காயத்துக்குக் கட்டுகிற துணி. மேசைக்கு எட்டுப் பேர் நின்று மடிப்பார்கள். அங்கேயும் தோளோடு தோள்தான்.

தானாகச் சிரிப்பாள், அது ஒன்றுதான் அவளிடம் வித்தியாசம். ஒருநாள் நான் போயிருந்தபோது குக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பெரியத்தை. நம்ம பாஸ்டர் ஐயா பிரசங்கத்துக்கு முன்னால தொண்டையச் செருமுவாவல்லா, அதே மாதிரி இருக்கு. மூணு தடவை செருமுது, இன்னும் விசில் வரல."

செலினா உள்ளே இருந்து, "கேட்டியாக்கா? இது ஒரு மாதிரி கேஸு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. செலினாவுக்காக அடக்கிக்கொண்டேன். அப்போதே சிரித்திருக்கலாம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் பார்க்கப் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டு, செத்த நேரம் கழித்து வாருங்கள் என்றார்கள். ஒரு டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் புகைமாதிரி தெரிந்தார்கள். அந்தப் புகைக்குள் திருமுக்குளத்துக் கரையில், மர நிழலில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. தலையைச் சாய்த்த சாய்ப்பு தெரிந்தது. அது சோழபுரத்துச் சாய்ப்பு, தங்கப்பாண்டியனுக்கும் உண்டு. கிட்டப் போனேன். பியூலாதான்.

அவள் எழுந்துவிட்டாள். கையில் தாளில் மடித்த பால்கோவா. "பெரியத்தை, நீங்களா" என்றாள்.

"கம்பெனியில இல்லாம இங்க என்னட்டி பண்ணுத?"

புதன்கிழமை துணி லாரியில் ஏறுகிற நாளாம். மடிப்பு மேசைக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடுமாம். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. பொம்பளைகளுக்குக் காசு வாங்காத டவுன் பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வருவாள். ஒரு பால்கோவா வாங்குவாள். குளத்தங்கரையில் உட்காருவாள். சாயங்காலம் எப்போதும் வருகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவாள்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"எதுக்கு?"

யோசித்தாள். "சும்மா பெரியத்தை" என்றாள். பிறகு பால்கோவாவை நீட்டினாள். "ஓரத்துல எடுங்க. சட்டியில அடிப்பிடிச்ச ஓரம், கேட்டு வாங்கினேன். அதான் ருசி."

எனக்குச் சர்க்கரை. என் மகன் செல்வின் வீட்டில் சீனி டப்பாவையே ஒளித்து வைத்திருக்கிறான். இருந்தாலும் எடுத்தேன். முதலில் ஓரம், அப்புறம் நடு. பாதிக்குமேல் நான்தான் தின்றேன்.

அரைமணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பேசாததை எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் பேசினாள். "அந்தா வெள்ளைச் சட்டை போட்டுப் போறாருல்லா, அவரு குடைய எங்கியோ வச்சிட்டு வந்துட்டாரு. வலது கைய வீசல பாருங்க. குடை பிடிக்கித கை அது, இன்னும் அவருக்குத் தெரியல" என்றாள். எனக்கு வெள்ளையாக ஏதோ போவதுதான் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது. காசில்லாத டிக்கெட்டைக்கூடக் கண்டக்டர் எவ்வளவு கவனமாகக் கிழித்துக் கொடுக்கிறார் என்றாள். பஸ்ஸில் பொம்பளை சீட் இடது பக்கம் என்பதால் வரும்போது மலை நம் பக்கம் வருகிறதாம். "திரும்பிப் போகையில மலை ஆம்பளைக பக்கம் போயிருது பெரியத்தை. நமக்கு வெறும் செங்கச் சூளைதான். அதனால போகையில கண்ண மூடிக்கிடுவேன். மலைய இங்கனயே பாத்து வச்சிக்கிட்டா வீடு வரைக்கும் வரும்."

எனக்கு அறுபத்தெட்டு வயசாகிறது. அந்தப் பஸ்ஸில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். மலை எந்தப் பக்கம் என்று நினைத்ததே இல்லை.

எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லிராதீய. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"நீயும் செல்வின்கிட்ட சொல்லிராதட்டி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அது புதன். அடுத்த நாள் கடந்தது. வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய ஜெபம்.

ஜெபத்தின் கடைசியில், "யாருக்கும் ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்பார்கள். ஒருத்திக்கு மகன் துபாயில். ஒருத்திக்கு மருமகனுக்குக் கல்லடைப்பு. ஆளாளுக்கு எழுந்து சொல்வார்கள், எல்லாரும் 'உச்' கொட்டுவார்கள். என்னிடம் எந்த வாரமும் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டு நாளாக நெஞ்சுக்குள் அந்தப் பால்கோவா ஓரம்போல இனித்துக்கொண்டே இருந்தது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுந்தேன். "எனக்கு ஒரு மகளைக் குறிச்சுப் பாரமா இருக்கு" என்றேன். எங்கள் சபையில் அப்படித்தான் சொல்வோம். பாரம் என்று சொல்லிவிட்டால் புறணி ஆகாது என்று ஒரு நினைப்பு. "வாரா வாரம் வீட்டுக்குத் தெரியாம பக்கத்தூருக்குப் போறா. பேரு வேண்டாம்."

"பேரு வேண்டாம்க்கா. நம்ம ஆளுதானா?" என்று முன்வரிசையிலிருந்து, குறிப்புகளுக்கு ஜெபிக்கிற ஈஸ்வரி கேட்டாள்.

"நம்ம ஆளுதான். சோழபுரத்து வழி. மகாராஜபுரத்து மாரியாத்தாளுக்கு அண்ணன் மக."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. செலினா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குள் ஈஸ்வரி கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஆண்டவரே, அந்த மகளைப் பொல்லாத வழியில இருந்து திருப்பும்." முப்பது பேர் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

சபைக் கோயில் முற்றத்திலேயே பேச்சு தொடங்கிவிட்டது. யாரோ ஒரு ஆம்பளை என்றாள் ஒருத்தி. இல்லை, திருநீறு பூசுகிற மொக்கைச்சாமி பேத்தியில்லா, குளத்துக்கும் கோபுரத்துக்கும்தான் கால் போகும் என்றாள் இன்னொருத்தி. பக்கத்தூர் என்று மட்டுந்தானே சொன்னேன்? குளம் எங்கிருந்து வந்தது? ஜெபம் முடிந்து வெளியே வரும்போது ஈஸ்வரி கேட்டதும் அதையும் சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், நானே நம்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செலினா வீட்டுக்கு வரச் சொன்னார்கள். செல்வின் என்னை பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். அன்று காலையில்தான் என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒளிச்சு எதும் திங்கியளா?" என்று கத்தியிருந்தான்.

பியூலா அடுப்படி வாசலில் நின்றாள். ஞானராஜ் கோபக்காரன் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான், "எதுக்குப் போன?"

"சும்மா உக்காந்துட்டு வருவேன்."

"சும்மா உக்கார யாராவது பஸ் ஏறிப் போவாளா?" என்றாள் செலினா. "ஏன், சும்மா உக்கார இந்த வீட்டுல இடமில்லையா?"

"இல்லையே அத்தை" என்றாள் பியூலா.

அவள் திமிராகச் சொல்லவில்லை. அரிசி இல்லை, உப்பு இல்லை என்று சொல்வதுபோல் உள்ளதைச் சொன்னாள். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. செலினா அழ ஆரம்பித்தாள். ஞானராஜ் என் பக்கம் திரும்பினான்.

"பெரியம்மா, நீங்க பாத்தீயல்லா. கூட யாரும் இருந்தாவளா?"

பியூலாவும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வந்துவிடும் என்று தெரிந்த பஸ்ஸைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

கூட இருந்தது நான்தான். அதைச் சொன்னால் போதும். பக்கத்தில் செல்வின் நின்றுகொண்டிருந்தான். தின்று, சிரித்து, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அப்புறம் முப்பது பேர் நடுவில் பாரம் என்று எழுந்து நின்றவள் நான் என்பது ஒரே பேச்சில் வெளியே வந்துவிடும்.

"கண்ணுல மருந்து விட்டிருந்தாவ" என்றேன். "சரியாத் தெரியலப்பா."

பியூலா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை, வேலையை விடச் சொல்லவில்லை. ஞானராஜ் கம்பெனியில் போய்ப் பேசி, வாசலுக்கு வந்து ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிற வேனுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தான். புதன்கிழமை மத்தியானம் அரை நாள் என்பதும் அப்போது வீட்டுக்குத் தெரிந்தது. அந்த மத்தியானத்துக்கு மாவாட்டுகிற வேலை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "முழங்கால் வலிக்கு ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்வரி நன்றாக உருக்கமாக ஜெபித்தாள்.

ஒரு மாதம் கழித்து, தாங்காமல், செலினாவிடம் தனியாகச் சொன்னேன். கூட இருந்தது நான்தான், பால்கோவாவில் பாதிக்குமேல் தின்றதும் நான்தான் என்றேன். செலினா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "எம் மருமகளைக் காப்பாத்த நீ பொய் சொல்லுத. உன் மனசு எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். தெரியலப்பா என்று சொன்னதை நம்பினவள், இதை நம்பவில்லை.

செல்வினிடமும் சொன்னேன். அவன் கத்தவே இல்லை. "எம்புட்டும்மா தின்னீய?" என்று மட்டும் கேட்டான். இதற்கா பயந்தேன்?

ஞானராஜ் நல்லவன். ஏதோ தவறிவிட்டது என்று அவனுக்கே உறுத்தியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளையும் ஜூடியையும் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிக்கொண்டு போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்தான். பியூலா எங்களுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிட்டாள். எல்லாம் நடுப் பால்கோவா. ஓரமே இல்லை.

ஒரு புதன்கிழமை நான் அவளைத் தேடிப் போனேன். மாவு ஓடிக்கொண்டிருந்தது. கிரைண்டர் சத்தத்தில் மன்னிப்புக் கேட்பது எளிதாக இருந்தது, பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. "ஏட்டி, அடுத்த புதன் நாம ரெண்டு பேரும் போவமா? நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதேன். பெரியவ கூட வந்தா யாரு என்ன சொல்லப்போறா?"

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். கோபம் இல்லை முகத்தில். இருந்திருக்கலாம்.

"ரெண்டு பேரு போனா அது வேற பெரியத்தை" என்றாள். பிறகு, "கண்ணு இப்பம் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது" என்றேன்.

பியூலாவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயசு. ராஜபாளையத்தில் அதே வீட்டில் இருக்கிறாள். அதே கம்பெனியில் அதே மடிப்பு மேசை. காலையில் எட்டு மணிக்கு வேன் வருகிறது. அவள் ஏறுகிற இடம் கடைசி என்பதால் ஜன்னல் பக்கம் எல்லாம் முன்பே நிறைந்திருக்கும். நடு சீட்டில் உட்கார்ந்து போகிறாள்.