அம்மாவின் செப்பு அண்டா

ஏ.சி. பழுதுபார்க்க வந்தவர் செப்புக் குழாயைச் சூடாக்கியதும், திருமங்கலத்தில் எங்கள் வீட்டை ஒட்டி இருந்து, இன்று இல்லாமல் போன கார் கொட்டகையின் வாடை வந்தது. அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அப்பாவின் வாடகைக் காரில், இன்ஜினிலிருந்து தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் தகடு எரிந்துபோய், புதிது எந்தக் கடையிலும் கிடைக்காததால், இறந்துபோன அம்மாவின் சீர் அண்டாவை வெட்டி, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அவரே ஒன்று செய்தார்.

"அண்ணே, அதுல மதினி பேரு வெட்டியிருக்கே" என்றாள் அத்தை.

"வண்டி ஓடுனாத்தான தாயி நமக்குச் சோறு" என்றார் அப்பா.

மாட்டிப் பார்த்தபோது, பெயர் வெட்டிய புள்ளிகளின் வழியாகவே தண்ணீர் கசிந்தது. அப்பா அதைக் கழற்றி, மறுபடி காய்ச்சி, கொட்டகை முழுக்க டங் டங்கென்று ஒலிக்க, அம்மாவின் பெயர் மழுங்கி மறையும்வரை சுத்தியலால் தட்டினார்.

அப்புறம் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.