யோகா என்று நினைத்து வந்தவர்களுக்கு நியோபிளாடோனிசம்

மெய்ஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: ஆன்மா மேலே போக வழி சொல்லும் வாத்தியாருக்கு, அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்ற கவலையே தீராது. பகுதி நேரமாகப் பாடம் எடுத்துத் தொண்டை கட்டியவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மதுரையிலிருந்து மான்ட்ரியலுக்கு ஆராய்ச்சி செய்ய வந்த நான், 2005 வாக்கில் டவுன்டவுனில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றை நடத்தினேன். பாடம், நியோபிளாடோனிசத்தின் தோற்றம். ஆள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள்.

விரித்த பாய்

முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. மூன்று பெண்மணிகள் பாய் விரித்துத் தரையில் சம்மணமிட்டிருந்தார்கள். அறிவிப்பில் 'பண்டைய மெய்ஞ்ஞானம்' என்ற வார்த்தைக்குக் கீழே மீனாட்சி என்ற என் பெயரைப் பார்த்து, யோகா என்று முடிவுகட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். சொல்லாமலும் முடியாது.

சொன்னேன். இது கிரேக்க மொழியில் எழுதிய தத்துவம். அலெக்சாந்திரியாவில் முளைத்து ரோமில் வளர்ந்தது. 'ஒன்று' என்ற மூலத்திலிருந்து அறிவு பெருகுகிறது, அறிவிலிருந்து ஆன்மா, ஆன்மாவிலிருந்து இந்த உலகம் என்றேன். மூவரில் மூத்தவரான மதாம் ஜினெத் கவனமாகக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"சரி, இதில் மூச்சை எப்போது வெளியே விடவேண்டும்?"

படம் வேண்டாம்

நல்லவேளை, யாரும் போகவில்லை. அடுத்த வாரம், இந்தத் தத்துவத்தை ரோமில் போதித்த ஆசானைப் பற்றிச் சொன்னேன். (பெயர் நாக்கில் சிக்கும், ஆசான் என்றே வைத்துக்கொள்வோம்.) உடம்புக்குள் இருப்பதையே வெட்கமாக நினைத்தவர் அவர். பிறந்த நாளைச் சொல்ல மாட்டார். தன்னைப் படம் வரையவும் விடமாட்டார். உடம்பே ஒரு நிழல், அந்த நிழலுக்கு ஒரு நிழல் எதற்கு என்பது அவர் வாதம்.

மதாம் ஜினெத் முகம் மலர்ந்துவிட்டது.

"வயதைச் சொல்வதில்லை, கேமரா வந்தால் ஓடிவிடுவேன், அறுபது தாண்டியதிலிருந்து நானும் இந்தத் தத்துவத்தில்தான் இருக்கிறேன் போலிருக்கிறது!"

போய்ச் சேராத பயணம்

வகுப்பில் இன்னொரு தமிழர் சிவராசா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், உணவகத்தில் சமையல். பக்கத்துக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் மனைவியைக் கூட்டிப்போக வருபவர், வெளியே பனியில் நிற்பதற்குப் பதில் என் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். "உள்ளுக்க நல்ல சூடு, பிள்ளை" என்று என்னிடமே சொன்னார்.

ஒருநாள், ஆசானின் இளமைக் கதையைச் சொன்னேன். பாரசீகத்து ஞானிகளையும் இந்திய ஞானிகளையும் கண்டு பேச ஆசைப்பட்டு, அவர் ரோமாபுரி அரசனின் படையோடு கிளம்பினார். நடுவழியில் அரசன் செத்துப்போனான். ஆசான் உயிர் தப்பியதே பெரும்பாடு. இந்தியாவைக் கண்ணால் பார்க்காமல் கடைசியில் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதுவரை வாய் திறக்காத அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாவம் மனுசன். என்னையும் நேர கனடா எண்டுதான் ஏத்தினவங்கள். பாங்கொக்கில விட்டிட்டு, காசு வாங்கி ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் ஆளே இல்லை" என்றார் தமிழில். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மதாம் ஜினெத் மெல்ல அவர் கையைத் தொட்டார். அண்ணைக்குக் கூச்சமாகிவிட்டது; பேச்சை மாற்றினார்.

"அதை விடுங்கோ பிள்ளை, இவருக்கு ரோமில அகதிக் கேஸ் உடன சரிவந்ததோ?"

ஒளிரும் உருண்டை

பருவ முடிவில், வகுப்பைத் தொடர்வதா மூடுவதா என்று பார்க்க ஒருங்கிணைப்பாளர் வருவதாகச் சொன்னார். அசத்திவிட நினைத்து, ஆசான் சொன்ன தியானம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் கண்ணை மூடுங்கள். உலகம் முழுவதும் ஒளிரும் உருண்டைக்குள் இருப்பதாக நினையுங்கள். இப்போது அதன் கனத்தை எடுத்துவிடுங்கள்.

நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். ஹீட்டர் வேறு. அண்ணையிடமிருந்து முதல் குறட்டை வந்தது. மதாம் ஜினெத் அதற்குச் சுதி சேர்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். ஒருங்கிணைப்பாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார், நுனிக்காலில் என்னிடம் வந்தார், காதோரம் கிசுகிசுத்தார்.

"இவ்வளவு ஆழமாகப் போன வகுப்பை நான் பார்த்ததே இல்லை, அடுத்த பருவமும் நீங்களே எடுங்கள்!"

ஆன்மா 'ஒன்றோடு' கலந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்கிற ஒரே காரணத்தால்தான், என்னைப் போன்ற வாத்தியார்களின் பிழைப்பு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.